பேர் தெரியாத முடிவெட்டுக்காரரும் சில புத்தகங்களும்

மலேசியாவில், கெடா மாநிலத்துப் பீடோங்கில் மாதம் ஒரு ஞாயிறு, கோயில் மண்டபத்தில் கூடிப் புத்தகம் பேசுவோம். தமிழ்ப்பள்ளியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் என்பதால் கேள்வி எல்லாம் என் தலையில்தான் விழும். இந்த மாதம் வந்தவை இவை.

லாரி ஓட்டுநர்: சமீபத்தில் படித்ததில் உங்களை ரொம்பப் பாதித்த நாவல் எது, சார்?

தேவிபாரதியின் ‘நீர்வழிப் படூஉம்’. 2023இல் சாகித்ய அகாதெமி விருது வாங்கியது. கொங்கு நாட்டுக் குடிநாவிதர் குடும்பம் ஒன்று. காரு மாமா என்பவரின் சாவைச் சுற்றி உறவெல்லாம் கூடுகிறது. சின்ன நாவல்தான். ஆனால் எனக்கு ஒரு வாரம் ஆனது. எங்கள் தோட்டத்துக்கு முடிவெட்ட ஒருவர் சைக்கிளில் வருவார். கேரியரில் தகரப்பெட்டி, ரம்புத்தான் மரத்தடியில் ஒரு முக்காலி. கத்தியைத் தோல்வாரில் தீட்டுகிற சத்தம் கேட்டாலே நாங்கள் லயத்துக்கு, அதாவது தொழிலாளர் வரிசை வீடுகளுக்கு, பின்னால் ஓடிவிடுவோம். பெரியவர், சின்னவர் எல்லாரும் அவரைத் தொழிலைச் சொல்லித்தான் கூப்பிட்டோம். அவர் பேர் என்ன? எனக்கு இன்று வரை தெரியாது. புத்தகத்தை மூடி வைத்த பிறகு அதுதான் உறுத்திக்கொண்டே இருந்தது.

தலைப்பு ‘யாதும் ஊரே’ பாட்டில் வருவது. நாம் முதல் வரியை மேடைக்கு மேடை சொல்லிவிட்டு மீதியை விட்டுவிடுகிறோம்.

செம்பனைத் தோட்டக் கிராணி (எழுத்தர்): இந்த நாட்டுக் கதைகள் உங்களுக்குப் பிடிக்காதா?

பிடிக்காமல் என்ன? சீ. முத்துசாமி நம் கெடாக்காரர், 2017இல் விஷ்ணுபுரம் விருது பெற்றவர். அவரை இன்னும் படிக்கவில்லை என்றால் முதலில் அங்கே போங்கள்.

அண்மையில் வந்ததில் கோ. புண்ணியவானின் ‘கையறு’ (2021). சயாம் மரண ரயிலைப் பற்றியது. ஜப்பான்காரன் 1942, 43இல் சயாமிலிருந்து (இன்றைய தாய்லாந்து) பர்மாவுக்கு 415 கிலோமீட்டர் தண்டவாளம் போட்டானே, அது. தாய்லாந்தின் காஞ்சனபுரியில் நேச நாட்டுக் கைதிகளுக்கு ஏறக்குறைய 7,000 கல்லறைகள். தோட்டத்திலிருந்து பிடித்துப்போன நம் ஆட்களுக்கு அப்படி ஆளுக்கொரு கல் இல்லை. என் பாட்டி தன் அண்ணனைச் ‘சயாமுக்குப் போனவர்’ என்றுதான் சொல்லுவாள். செத்தவர் என்று ஒருநாளும் சொன்னதில்லை. திதியும் கொடுக்க விடவில்லை.

படிவம் ஐந்து மாணவி: ‘பேய்ச்சி’ எங்கே வாங்கலாம், ஐயா?

வாங்க முடியாதும்மா. ம. நவீனின் அந்த நாவலை 2020 டிசம்பரில் உள்துறை அமைச்சு தடை செய்துவிட்டது. 1981இல் இங்கே கெடாவின் லூனாஸில் விஷச் சாராயம் குடித்துச் செத்தவர்களின் கதை அதில் இருக்கிறது. ஆபாசம் என்று புகார். விடியற்காலையில் ஆள்கணக்கு எடுக்கும் பிரட்டில், வேலை வாங்கும் தண்டலின் வாயைக் கேட்டு வளர்ந்தவன் நான். எனக்கு அதிர்ச்சி ஒன்றும் இல்லை. நீ முதலில் பரீட்சையை முடி. பிறகு அவருடைய ‘சிகண்டி’யைப் பற்றிப் பேசுவோம்.

மருந்துக்கடை அக்கா: கதை வேண்டாம். உண்மையை எழுதிய புத்தகம் சொல்லுங்கள்.

ஆ. இரா. வேங்கடாசலபதியின் ‘திருநெல்வேலி எழுச்சியும் வ.உ.சி.யும் 1908’. 2024இல் அகாதெமி விருது இதற்குத்தான். வ.உ.சி.யைக் கைது செய்ததும் ஊர் கொந்தளிக்கிறது, துப்பாக்கிச் சூட்டில் நான்கு பேர் சாகிறார்கள். வேங்கடாசலபதி தலைவரோடு நிற்காமல், தெருவில் இறங்கிய சாதாரண ஆட்களையும் தேடிப்போகிறார். அந்தப் பொறுமைக்காகவே படிக்கலாம்.

கதையும் உண்மையும் கலந்து கேட்டால் மு. ராஜேந்திரனின் ‘காலா பாணி’. சிவகங்கை மன்னரையும் எழுபதுக்கு மேற்பட்டவர்களையும் 1802இல் கம்பெனிக்காரன் நாடு கடத்தினான். எங்கே? பினாங்குக்கு! நாம் நாசி கண்டார் சாப்பிடப் போகிற அதே பினாங்கு. ஆவண நெடி கொஞ்சம் தூக்கல், ஆனாலும் விடாதீர்கள்.

நம் மண்ணில் என்றால் முத்தம்மாள் பழனிசாமியின் ‘நாடு விட்டு நாடு’. புதிய புத்தகம் இல்லை; ஒரு பெண் தன் குடும்பக் கதையைத் தானே எழுதியது.

மளிகைக் கடைக்காரர்: படிக்க நேரம் எங்கே சார் இருக்கிறது?

கைப்பேசியைக் கல்லாவில் வைத்துப் பூட்டுங்கள்.

கேட்காத ஒன்றும் சொல்லிவிடுகிறேன். என் ‘கையறு’ பிரதி போன தீபாவளிக்கு முன்பே இரவல் போனது. நடுப்பக்கத்தில் கோப்பிக் கறை இருக்கும். யாரிடம் இருக்கிறதோ, அடுத்த ஞாயிறு கொண்டு வாருங்கள்.