கீழக்கரைக்குத் திரும்பியவர் கார் வாங்கலாமா?

கேள்வி: சிங்கப்பூரில் 12 வருடம் வேலை பார்த்துவிட்டு கீழக்கரைக்கே வந்துவிட்டேன். அங்கே கார் இல்லாமலேயே காலம் ஓடியது. இங்கே வந்ததிலிருந்து வீட்டில் கார் வாங்கச் சொல்கிறார்கள். நம்ம ஊரும் நெருக்கமான ஊர்தானே, பஸ்ஸும் ஆட்டோவும் போதாதா? உம்மாவுக்கு முழங்கால் வலி. மாதம் ஒரு தடவை மதுரைக்கு டாக்டரிடம் கூட்டிப்போக வேண்டும்.

பதில்: முதலில் சிங்கப்பூர் கணக்கைப் பார்ப்போம். அங்கே நீங்கள் கார் வாங்காததற்கு ஊர் நெருக்கம் மட்டும் காரணமில்லை. 1975 இலேயே நகர மையத்துக்குள் காரில் நுழையக் கட்டணம் வைத்தார்கள். 1987 இல் மெட்ரோ ரயில் ஓடத் தொடங்கியது. 1990 முதல் கார் வாங்கும் உரிமையையே ஏலத்தில் எடுக்க வேண்டும். அந்தச் சீட்டும் 10 வருடம்தான் செல்லும். அதன் விலை ஒரு லட்சம் சிங்கப்பூர் டாலரைத் தாண்டியதும் உண்டு. காரை எட்டாத விலையில் வைத்து, பக்கத்திலேயே ரயிலையும் பஸ்ஸையும் கொடுத்த ஊர் அது.

நெருக்கமான ஊர் என்றாலே பஸ், ரயில் நன்றாக ஓடும் என்பதும் பாதி உண்மைதான். 2010 அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கெடுப்பில், புறநகரையும் சேர்த்துப் பார்த்தால் நியூயார்க்கைவிட லாஸ் ஏஞ்சல்ஸ்தான் நெருக்கமான நகரம். ஆனால் ரயிலுக்குப் பேர்போனது நியூயார்க்; லாஸ் ஏஞ்சல்ஸோ காரை நம்பி வாழ்கிறது. நியூயார்க்கில் வேலையிடங்கள் மன்ஹாட்டனில் குவிந்திருக்கின்றன, எல்லா ரயிலும் அங்கே போய்ச் சேரலாம். லாஸ் ஏஞ்சல்ஸில் எல்லாம் எங்கும் பரவிக் கிடக்கிறது. எத்தனை பேர் இருக்கிறார்கள் என்பதோடு எப்படி அமைந்திருக்கிறார்கள் என்பதையும் பார்க்க வேண்டும்.

நம்ம கடற்கரையின் அமைப்பு பஸ்ஸுக்குச் சாதகமானது. 2011 கணக்குப்படி ராமநாதபுரம் மாவட்டத்தில் சதுர கிலோமீட்டருக்குச் சுமார் 330 பேர். தமிழ்நாட்டுச் சராசரி 555. ஆளில்லாத பொட்டல் நிறைய. ஆனாலும் தொண்டி, தேவிபட்டினம், ராமநாதபுரம், திருப்புல்லாணி, கீழக்கரை, ஏர்வாடி, சாயல்குடி எல்லாம் கிழக்குக் கடற்கரைச் சாலையில் மாலையில் கோர்த்த மணி மாதிரி வரிசையாக இருக்கின்றன. ஒரே சாலையில் ஓடும் பஸ் இத்தனை ஊரையும் தொட்டுவிடும். அதனால் கீழக்கரையிலிருந்து ராமநாதபுரம் போய்வர எனக்கென்னவோ பஸ்தான் சரியென்று படுகிறது. 2021 மே முதல் சாதாரண டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட்டும் கிடையாது.

ஊருக்குள் பஸ்கூட வேண்டாம். மகளுக்கு வீடு கொடுத்து மாப்பிள்ளையை அங்கே வரவைக்கும் வழக்கம் கீழக்கரையில் பல குடும்பங்களில் உண்டென்பது உங்களுக்குத் தெரியாததல்ல. உம்மா வீடு, பெரியம்மா வீடு, அக்கா வீடெல்லாம் நாலு எட்டில் இருந்தால் வண்டி எதற்கு? எந்த நகரத் திட்டக்காரரும் போட்டுத் தராத ஏற்பாடு இது.

அப்படியானால் பஸ்ஸுக்கு எங்கே இடிக்கிறது? காத்திருக்கும் நேரத்தில். நம்ம பக்கம் பஸ்ஸை விட்டவர்களில் பெரும்பாலோர் காருக்குப் போகவில்லை, டூவீலருக்குப் போனார்கள். ஆள் குறைந்தால் டிரிப் குறையும். டிரிப் குறைந்தால் மிச்சமிருப்பவரும் ஸ்கூட்டர் வாங்குவார். ராத்திரி ஒன்பது மணிக்கு மேல் ராமநாதபுரம் பஸ் ஸ்டாண்டில் குடும்பத்தோடு நின்று பார்த்தவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

வீட்டில் கார் கேட்பதற்குப் பின்னால் இந்த ராத்திரிப் பயமும் இருக்கும், கல்யாண வீட்டு வாசலில் எதில் போய் இறங்குகிறோம் என்ற எண்ணமும் இருக்கும். இரண்டாவதைக் கேலி செய்ய மாட்டேன். வெளிநாட்டில் இருந்து வந்தவர் பஸ்ஸில் போனால் ஊர் என்ன சொல்லும் என்பது வீட்டில் இருப்பவர்களுக்கு நிஜமான சங்கடம்தான். ஆனால் அது வருடத்தில் சில நாள் விஷயம். அன்றைக்கு வாடகைக் கார் எடுத்துக்கொள்ளலாம்.

சரி, பணக் கணக்கு. 8 லட்சத்துக்குக் கார் வாங்கி, 8 வருடம் கழித்து இரண்டரை லட்சத்துக்கு விற்பதாக வைப்போம். மாதம் சுமார் 5,700 ரூபாய் தேய்மானம். இன்சூரன்ஸ், சர்வீஸ், டயருக்கு மாதம் 2,500 போட்டால் 8,200. வண்டி வாசலில் சும்மா நின்றாலும் இது போய்க்கொண்டே இருக்கும். மதுரை போய்வர 250 கிலோமீட்டர். வாடகை கிலோமீட்டருக்கு 14 ரூபாய், டிரைவர் பேட்டா 400 என்றால் 3,900. சொந்தக் காரில் பெட்ரோல் மட்டும் 1,600 ஆகும். அதாவது ஒவ்வொரு தடவையும் 2,300 மிச்சம். 8,200 ஐ ஈடுகட்ட மாதம் மூன்று, நான்கு தடவை மதுரை போக வேண்டும். நீங்கள் சொல்வது ஒரு தடவை. உங்கள் ஊர் வாடகையைக் கேட்டு இதே கணக்கைப் போட்டுப் பாருங்கள்.

இப்போதைக்கு வாங்க வேண்டாம் என்பதுதான் என் யோசனை. ராத்திரி கூப்பிட்டாலும் வரக்கூடிய இரண்டு டிரைவர்களின் நம்பரை வீட்டில் எல்லோரும் வைத்திருக்கட்டும். அவசரத்துக்கு 108 இருக்கிறது. மூன்று மாதம் பஸ்ஸும் ஆட்டோவும் கைகொடுக்காத பயணங்களை மட்டும் காலண்டரில் குறித்து வையுங்கள். உம்மாவுக்குப் படியேற முடியாமல் போய், ராமநாதபுரத்துக்கும் வாரம் இரண்டு தடவை கார் வேண்டுமென்றால் என் பதில் மாறும்.

அப்படி வாங்குவதாக இருந்தால், வண்டியை எங்கே நிறுத்துவதென்று முடிவு செய்துவிட்டு ஷோரூமுக்குப் போங்கள். உங்கள் தெருவில் ஒரு கார் நின்றால் ஆட்டோ திரும்ப முடியாது. கடற்கரையை ஒட்டி நிறுத்தினால் உப்புக்காற்று அடிப்பாகத்தை அரிக்கும். துருத்தடுப்புப் பூச்சு அடித்து, மாதம் ஒரு தடவையாவது நல்ல தண்ணீரில் அடிப்பாகத்தைக் கழுவச் சொல்லுங்கள். பழைய கார் என்றால், தரைவிரிப்பைத் தூக்கிப் பார்க்காமல் அட்வான்ஸ் கொடுக்காதீர்கள்.