இரண்டு குமாரர் இருந்தார்கள்

அன்புள்ள ஐயா,

ஸ்தோத்திரம். ஐந்து வயதிலிருந்து ஞாயிறு பள்ளிக்குப் போனவள் நான். வருடத்துக்கு ஒருமுறை வேதாகமத்தை முழுதாக வாசித்து முடிக்கிறேன். 23ஆம் சங்கீதத்தையும் கெட்ட குமாரன் உவமையையும் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். ஆனால் இப்போது எதை வாசித்தாலும் உள்ளே எதுவும் அசையவில்லை. போன மாதம் சபைக்குப் புதிதாக வந்த ஒரு பெண் அதே உவமையைக் கேட்டுத் தேம்பி அழுதாள். உண்மையைச் சொன்னால் எனக்கு எரிச்சல்தான் வந்தது. வேறு மொழிபெயர்ப்பு வாங்கலாமா? அட்டவணையை மாற்றலாமா?

ஒரு வாசகி

*

அன்புள்ள சகோதரிக்கு,

மொழிபெயர்ப்பு வேண்டுமானால் வாங்குங்கள், நல்லதுதான். அட்டவணை? 1189 அதிகாரங்களை ஒரு வருடத்தில் முடிக்க நாளுக்கு மூன்று நான்கு அதிகாரம் ஓடவேண்டும். அந்த ஓட்டத்தில் யார் முகத்தையும் நின்று பார்க்க முடியாது. சரி, அதை விடுங்கள்.

என்னைப் பிடித்து நிறுத்தியது அந்த 'எரிச்சல்'தான். அதை ஒளிக்காமல் எழுதினீர்களே, அதற்காகவே இந்தப் பதில். எதுவும் அசையவில்லை என்கிறீர்கள். எரிச்சல் வந்ததென்றால் ஏதோ அசைந்திருக்கிறது, அம்மா.

அந்த உவமை தூக்கத்திலும் தெரியும் என்கிறீர்கள். பாதிதான் தெரியும் என்கிறேன் நான். கோபித்துக்கொள்ளாதீர்கள். 'கெட்ட குமாரன்' என்பது நாம் வைத்த பெயர். லூக்கா 15ஆம் அதிகாரத்தில் இயேசு கதையைத் தொடங்குவது "ஒரு மனுஷனுக்கு இரண்டு குமாரர் இருந்தார்கள்" என்று. நம் தலைப்பு மூத்தவனை விழுங்கிவிட்டது. சொத்தில் தன் பங்கை வாங்கிப்போய் அழித்த இளையவன் வீடு திரும்பி, தகப்பன் அவனுக்கு விருந்து வைத்ததும், 24ஆம் வசனத்தோடு, நம் மனம் புத்தகத்தை மூடிவிடுகிறது. அந்த விருந்துக்குள் வர மறுத்துக் கோபித்து வெளியே நின்ற மூத்தவனின் கதை, மீதி எட்டு வசனங்கள், வாசித்தும் வாசிக்கப்படாமல் கிடக்கின்றன. இந்தக் கதை யாருக்குச் சொல்லப்பட்டது? அதிகாரத்தின் தொடக்கத்தைப் பாருங்கள். இயேசு பாவிகளோடு சாப்பிடுகிறாரே என்று முறுமுறுத்த பரிசேயருக்கும் (வேதச் சட்டத்தைக் கண்டிப்பாகக் கைக்கொண்டவர்கள்) வேதபாரகருக்கும் (அதைக் கற்பித்தவர்கள்). வேதத்தைக் கரைத்துக் குடித்தவர்களுக்கு!

எனக்கும் அது பாதிக் கதையாகத்தான் இருந்தது. பல வருடம் வீட்டோடு பேச்சே இல்லாமல் இருந்த என் தம்பி ஒருநாள் திரும்பி வந்தான். அம்மா என் அறையை ஒழித்து அவனுக்குக் கொடுத்தார். "உங்க மகன் வந்துட்டான்ல, இனி நான் எதுக்கு?" என்று கத்தினேன். தம்பி என்ற சொல் வாயில் வரவில்லை. இரண்டு வாரம் கழித்து ஆராதனையில் பாடம் வாசிக்கும் முறை எனக்கு. லூக்கா 15. எத்தனையோ தடவை வாசித்த பகுதி என்பதால் முன்கூட்டிப் பார்க்கக்கூட இல்லை. 30ஆம் வசனம் வந்தது. "உம்முடைய குமாரனாகிய இவன்" என்கிறான் மூத்தவன். குரல் நின்றுவிட்டது. அம்மாவும் தம்பியும் எதிரே உட்கார்ந்திருந்தார்கள். தகப்பன் அந்தச் சொல்லைத் திருத்துகிறார்: "உன் சகோதரனாகிய இவன்". அந்த ஒரு வரியை வாசிக்க எனக்கு எவ்வளவு நேரம் ஆனதென்று தெரியவில்லை.

இன்னொன்றையும் அப்புறம்தான் கவனித்தேன். 'கூலிக்காரரில் ஒருவனாக என்னை வைத்துக்கொள்ளும்' என்று சொல்ல நினைத்து வருகிறான் இளையவன். தகப்பனின் முன்னால் அந்த வரியை அவன் சொல்லவே இல்லை. மூத்தவனோ வீட்டிலேயே இருந்துகொண்டு "இத்தனை வருஷகாலமாய் நான் உமக்கு ஊழியஞ்செய்து" என்று கூலிக்காரனைப் போலக் கணக்குச் சொல்கிறான். அப்பா என்று ஒருமுறைகூட அவன் கூப்பிடவில்லை. உங்கள் கடிதத்தைத் திரும்பப் படித்துப்பாருங்கள். ஐந்து வயதிலிருந்து, வருடத்துக்கு ஒருமுறை, முழுதாக. இதுவும் கணக்குதானே? அழுதவள் உங்களுக்கு 'ஒரு பெண்', அவ்வளவுதான். அவள் பெயர் தெரியுமா உங்களுக்கு?

கடுமையாகச் சொல்லிவிட்டேன். ஆனால் அந்தத் தகப்பன் மூத்தவனைக் கடிந்துகொள்ளவில்லை. விருந்தை விட்டு வெளியே வந்து வருந்தி அழைக்கிறார். "மகனே, நீ எப்போதும் என்னோடிருக்கிறாய்" என்கிறார். இந்த வார்த்தை இளையவனுக்குச் சொல்லப்பட்டதல்ல. வீட்டைவிட்டுப் போகாதவனுக்கு, உங்களைப் போன்றவருக்குச் சொல்லப்பட்டது.

இன்று இரவு 25ஆம் வசனத்திலிருந்து வாய்விட்டு, மெதுவாக வாசியுங்கள். மூத்தவன் உள்ளே போனானா என்று லூக்கா எழுதவில்லை. அங்கேயே மூடிவிடுங்கள், 16ஆம் அதிகாரம் நாளைக்கும் இருக்கும். ஞாயிற்றுக்கிழமை அந்தப் பெண்ணின் பக்கத்தில் போய் உட்காருங்கள். பெயரைக் கேளுங்கள்.