வன்னியில ஒரு நாட்டார் பாட்டு விழா

வணக்கம் அண்ணை,

நான் முள்ளியவளைப் பக்கம் பிறந்த ஆள், இப்ப வின்னிபெக்கில இருக்கிறன். போன யூலை பிள்ளையளோட இங்க பேர்ட்ஸ் ஹில் பார்க்கில நடக்கிற நாட்டார் இசை விழாவுக்கு முதல்தரமாப் போனனாங்கள், 1974 இல இருந்து நடக்குதாம். கூடாரம் அடிச்சு அங்கேயே தங்கினம். மேடையில பாடினவையும் நல்லாத்தான் பாடினவை, ஆனா எனக்குப் பிடிச்சது ராவில கூடாரங்களுக்கு நடுவில சனம் சுத்தியிருந்து கிட்டாரோட விடிய விடியப் பாடினதுதான், முன்பின் தெரியாத ஆக்கள் எங்களையும் கூப்பிட்டு இருத்தி வச்சுப் பாடினவை. மகள் கேட்டாள், அம்மா உங்கட ஊரில இப்பிடி இல்லையோ எண்டு. நாங்கள் கொஞ்சப்பேர் காசு சேத்து வன்னியில ரெண்டு நாள் பெரிய மேடை போட்டு ஒண்டு செய்வமோ எண்டு கதைக்கிறம். எங்களுக்கு யூலை, ஓகஸ்ட் லீவிலதான் வரலாம். என்ன சொல்லுறீங்கள்?

— வாசகி, வின்னிபெக்

தங்கச்சி,

இருக்கு எண்டு மகளிட்டச் சொல்லுங்கோ. அதுவும் நீங்கள் பிறந்த இடத்திலேயே இருக்கு. வைகாசியில முல்லைத்தீவுக் கடலில தண்ணி எடுத்து வந்து முள்ளியவளை காட்டா விநாயகர் கோயிலில அந்த உப்புத்தண்ணியில விளக்கேத்தி, ஒரு கிழமை கழிச்சு ஞாயிறு அங்க பொங்கல், திங்கள் நந்திக்கடல் பக்கம் வற்றாப்பளைக் கண்ணகை அம்மனுக்குப் பொங்கல். பறையும் காவடியும் பாற்செம்புமா றோட்டு முழுக்கச் சனம், கோவலன் கண்ணகி கதையைச் சிலம்பு கூறல் எண்டு படிக்கிறதும் எங்கட பக்கத்து வழக்கம்தான். ரிக்கெற் இல்லை, மைக்கில பேர் சொல்லிக் கூப்பிட ஆளில்லை, அவ்வளவுதான் வித்தியாசம்.

நீங்கள் மேடையை விட்டிட்டுக் கூடாரத்துப் பாட்டை எழுதினீங்கள் பாருங்கோ, அதிலதான் எனக்குச் சொல்ல வேண்டியது முழுக்கக் கிடக்கு. எங்கட காத்தவராயன் கூத்தை ஒருக்கா விடிய விடிய இருந்து பாருங்கோ. ஆட்டக்காரர் ஒரு வரி படிக்க, பிற்பாட்டுக்காரர் அதைத் திருப்பிப் படிப்பினம், உடுக்கும் தாளமும் ஆர்மோனியமும் கூடவே போகும், அதே மெட்டு திரும்பத் திரும்ப வாறபடியா பாயில படுத்திருக்கிற சின்னப்பிள்ளைக்கும் சாமம் தாண்டேக்க பாட்டுப் பாடமாகியிடும், பிறகு காத்தவராயன் கழுமரம் ஏறேக்க விடியப்போகுது, அந்த நேரம் கிழவியள் கண்ணைத் துடைச்சுத் துடைச்சுச் சேந்து படிக்கிறதைக் கேக்கோணும். இதையே கலாசார விழா மேடையில பத்து நிமிசத்துக்கு வெட்டிப் போட்டா என்ன கிடைக்கும்? உடுப்பு மட்டும்தான் தெரியும். எனக்கு அதைப் பாக்கவே மனம் வாறேல்லை.

பாட்டு அதுக்கொரு வேலை இருக்கிற இடத்திலதான் நிக்கும் எண்டு நான் நம்புறன். அரிவு வெட்டுப் பாட்டை எடுங்கோ, வரிசையா நிண்டு வெட்டேக்க கை ஒண்டாப் போறதுக்கும் வெயில் தெரியாமல் இருக்கிறதுக்கும் படிச்சது, இப்ப மெசின் வந்து வயலை அரை நாளில முடிச்சிட்டுப் போகுது, ஆர் ஆருக்குப் படிக்கிறது? மாடு விட்டுச் சூடு மிதிக்கேக்க படிச்ச பொலிப் பாட்டும் அப்பிடித்தான் போச்சு. அதுகளை அம்மம்மாமார் இருக்கேக்கயே போனில ரெக்கோர்ட் பண்ணி வையுங்கோ, அது அவசரம். ஆனா கூத்து நேத்திக்கு ஆடுறது, பிள்ளைக்குச் சுகம் வந்தா ஆடுறன் எண்டு அம்மனுக்கு வச்ச நேத்தி, அதால இண்டைக்கும் நிக்குது. 2009 இல சண்டை முடியேக்க எங்கட சனம் உடுத்த உடுப்போட வந்தது, எனக்குத் தெரிஞ்ச ஒரு அண்ணாவியார், கூத்துப் பழக்கிறவர், கூத்துக் கொப்பி முழுக்க விட்டிட்டுத்தான் வந்தவர், முகாமால திரும்பி வந்து தறப்பாள் கொட்டிலுக்குள்ள இருந்து நினைவில இருந்ததை மகனைக் கொண்டு எழுதுவிச்சார், மறந்த இடத்தைப் பழைய பிற்பாட்டுக்காரர் எடுத்துக் குடுத்தவை. ஒரு ஆள் மறந்ததை இன்னொரு ஆள் வச்சிருந்ததாலதான் அந்தக் கூத்து மிஞ்சினது.

அதனால புது விழா வேண்டாம், நடக்கிறதுக்கு வாங்கோ. பள்ளிக்கூட லீவு யூலையிலதான், விளங்குது, ஆனா ஒரு வருசம் ரீச்சரிட்டச் சொல்லி வைகாசியில ரெண்டு கிழமை எடுங்கோ, பிள்ளையளுக்கு ஒண்டும் குறையாது. கூத்து எந்த ஊரில எந்த ராவு எண்டு முதலே கேட்டு வையுங்கோ. பாய், போர்வை, தண்ணிப் போத்தல் கொண்டு போங்கோ, கச்சானும் பிளேன்ரீயும் அங்க கிடைக்கும். முன்னுக்குப் போய் இருங்கோ. வீடியோ எடுக்கிறதெண்டா கொஞ்சம் எடுத்திட்டுப் போனை உள்ள வையுங்கோ, பிற்பாட்டு வரேக்க நீங்களும் படிக்கோணும்.

சேக்கிற காசை மேடைக்கும் லைற்றுக்கும் போடாதேங்கோ. ஒரு கூத்துக் குழுவுக்கு ஆர்மோனியம் திருத்தோணும், உடுப்புத் தைக்கோணும், பழகிற நாளுகளில கூலி வேலை முடிச்சு வாற பெடியளுக்கு ராச்சாப்பாடு குடுக்கோணும். எந்தக் குழுவுக்கு எது முட்டுப்பாடு எண்டு ஊரில கேட்டு எழுதுறன், பிறகு நீங்கள் நேர அண்ணாவியாரோடயே கதையுங்கோ.