ஏழாம் வகுப்பு மாணவர்களுக்கு ஒரு பனுவலில் உள்ள வாதத்தை இனங்காணக் கற்பிப்பது எப்படி?

'ஏனென்றால்', 'ஆகவே' போன்ற சொற்களைத் தேடச் சொல்வது தொடக்கத்துக்கு உதவும். அதோடு நின்றுவிடாதீர்கள். 'மழை பெய்ததால் பள்ளிக்கு விடுமுறை' என்பதில் காரணம் இருக்கிறது, வாதம் இல்லை. அங்கே யாரும் எதையும் நிறுவ முயலவில்லை.

சிலப்பதிகாரத்தின் வழக்குரை காதையைக் கையில் எடுங்கள். கோவலன் கள்வன் அல்லன் என்பதைக் கண்ணகி நிறுவ வேண்டும். தன் சிலம்பின் உள்ளே ஒலிக்கும் பரல் மாணிக்கம் என்கிறாள். தங்கள் சிலம்பில் இருப்பது முத்து என்று பாண்டியனே சொல்கிறான். கோவலனிடமிருந்து கைப்பற்றிய சிலம்பை உடைத்ததும் மாணிக்கம் தெறிக்கிறது. அந்த இடத்தில் வாசிப்பை நிறுத்தி, 'இதனால் கோவலன் குற்றமற்றவன் என்று எப்படி ஆகிறது?' என்று கேளுங்கள். முத்துப் பரல் இல்லாத சிலம்பு அரசியுடையதாக இருக்க முடியாது என்ற இடைக்கண்ணியைப் பிள்ளைகளே கண்டுபிடிக்கட்டும். பாடத்தின் உயிர் அதில்தான் இருக்கிறது; அவசரப்பட்டு நீங்கள் சொல்லிவிடாதீர்கள்.

அடுத்த வகுப்பில் நாளிதழின் வாசகர் கடிதம் ஒன்றைக் கொடுத்து, அதே கேள்வியைக் கேளுங்கள்.