விடுப்புக் கேட்காதவர்கள் விழாவை விட்டவர்களா?

கேள்வி: சிங்கப்பூரில் ஒரு நிறுவனத்தில் குழுத்தலைவராக இருக்கிறேன். என் குழுவில் பெரும்பாலோர் முப்பது வயதைத் தாண்டாத சீனர்கள். சீனப் புத்தாண்டு வந்தால் தோக்கியோ, பேங்காக் என்று விமானம் ஏறிவிடுகிறார்கள். முன்னோரை வணங்கும் சிங் மிங் நாளுக்கு இதுவரை ஒருவர்கூட விடுப்புக் கேட்டதில்லை. தாத்தா பாட்டியோடு இந்த விழாக்கள் முடிந்துவிடும் போலிருக்கிறது. சம்பளம் ஏற ஏறச் சம்பிரதாயம் குறையும் என்பது சரிதானே?
— வாசகர், சிங்கப்பூர்

பதில்: சரியில்லை. விடுப்புக் கேட்காததை வைத்து விழாவை விட்டுவிட்டார்கள் என்று முடிவு கட்டியிருக்கிறீர்கள். சிங் மிங் சிங்கப்பூரில் பொது விடுமுறை இல்லை. அதனால் அந்த நாளுக்கு முன்னும் பின்னும் பத்து நாள்வரை வழிபடலாம் என்ற வழக்கத்தைப் பிடித்துக்கொண்டு, சனி ஞாயிறுகளில் குடும்பத்தோடு போய்விடுகிறார்கள். ஏப்ரல் முதல் வாரத்து ஞாயிறு விடியற்காலையில், அஸ்தி மாடங்கள் இருக்கும் மண்டாய்ப் பக்கமோ சுவா சூ காங் பக்கமோ ஒருமுறை போய்ப் பாருங்கள். இருட்டு விலகுமுன்பே கார்கள் வரிசைகட்டி நிற்கும். அஸ்தி மாடத்தின் முன்னால் வேகவைத்த கோழி, பழம், தேநீர், தாத்தாவுக்குப் பிடித்த கோப்பி எல்லாம் பரப்பி ஊதுபத்தி ஏற்றுவார்கள். பிறகு இரண்டு நாணயங்களைப் போட்டுப் பார்ப்பார்கள். ஒன்று பூவும் ஒன்று தலையுமாக விழுந்தால் மறைந்த பெரியவர்கள் படையலைச் சாப்பிட்டாயிற்று என்று பொருள். இரண்டும் ஒரே பக்கம் விழுந்தால் இன்னும் கொஞ்சம் பொறுக்க வேண்டும். கூட்டம் நெருக்க நெருக்க, நாணயம் ஒத்துழைக்கும்வரை மொத்தக் குடும்பமும் காத்து நிற்கும். அப்புறம்தான் முன்னோருக்கென்று காகிதப் பணம் எரிப்பது. அப்படிப் போய்வந்த பிள்ளைகள்தான் மறுநாள் காலை உங்கள் எதிரில் கணினியைத் திறந்து உட்காருகிறார்கள்.

இவர்களுக்கு வந்து சேர்ந்த விழா முழுதாகவும் வரவில்லை. நிலம் போதாத நாடு என்பதால் 1998 முதல் அங்கே ஓர் உடலைப் புதைத்துவைக்க 15 ஆண்டுதான் அனுமதி. புக்கிட் பிரவுன் இடுகாட்டின் ஊடே சாலை போட ஏறத்தாழ 4,000 கல்லறைகளைத் தோண்டி எடுத்தார்கள். புல் செதுக்கி, கல்லைக் கழுவி, எழுத்துக்கு வண்ணம் பூசுவதுதான் சிங் மிங்கின் உயிரான வேலை. கல்லறையே இல்லாமல் எண் போட்ட மாடம் மட்டும் கிடைத்த பேரன் எதைச் செதுக்குவான்?

மொழியும் போயிற்று. 1979இல் மாண்டரின் பேசும் இயக்கம் தொடங்கியது. வீடுகளில் பேசிய ஹொக்கியன், தியோச்சூ, கான்டனீஸ் போன்ற சீன வட்டார மொழிகள் எல்லாம் வானொலியிலிருந்தும் தொலைக்காட்சியிலிருந்தும் மெல்ல மறைந்தன. பாட்டி தியோச்சூவில் சொல்லும் வேண்டுதலைப் பேத்தி பாதிதான் புரிந்துகொள்கிறாள். இதற்குச் சம்பளத்தைக் குறை சொல்ல முடியுமா?

சீனாவிலேயே கதை வேறில்லை. பண்பாட்டுப் புரட்சியின்போது, 1967இல், வசந்த விழா எனப்படும் சீனப் புத்தாண்டின் விடுமுறையையே அரசு ரத்துசெய்தது. சிங் மிங், டிராகன் படகு விழா, நடு இலையுதிர் விழா மூன்றும் பொது விடுமுறையானது 2008இல்தான். குடும்பமே கூடி உண்ணும் புத்தாண்டு முந்தைய நாள் 2014இல் சட்டப்படியான விடுமுறைப் பட்டியலிலிருந்து விழுந்து, 2025இல்தான் திரும்ப வந்தது. அந்த மூன்று விழாக்களும் அரை நூற்றாண்டுக்கு மேல் விடுமுறையே இல்லாமல் ஓடியிருக்கின்றன. ஓட்டியவர்கள் வேலைக்குப் போய்க்கொண்டே ஓட்டினார்கள்.

தோக்கியோ விஷயத்துக்கு வருகிறேன். முந்தைய இரவு ஒன்றுகூடல் விருந்து. முதல் நாள் தந்தை வழிப் பெரியவர்கள் வீடு. இரண்டாம் நாள் பெரும்பாலும் தாய் வழி. இதையெல்லாம் முடித்துவிட்டு விமானம் ஏறுகிறவர்கள் நிறையப் பேர். அதற்கு முன்பே ஏறுகிறவர்களும் உண்டு, மறுக்கவில்லை. கல்யாணம் ஆகாதவரை அங்பாவ் என்ற பணம் வைத்த சிவப்பு உறையை வாங்கலாம், ஆனால் வீட்டுக்கு வீடு 'எப்போது கல்யாணம்' என்ற கேள்வியையும் வாங்க வேண்டும். அதிலிருந்து தப்பித்து ஓடுகிறவர்களை அழைத்துவருவது உறவுக்காரர்கள் கையில் இருக்கிறது.

உங்கள் அலுவலகத்திலேயே ஒன்று நடந்திருக்குமே, அதை ஏன் விட்டுவிட்டீர்கள்? புத்தாண்டுக்குப் பிந்தைய நாட்களில் பெரிய தட்டைச் சுற்றி எல்லோரும் நின்று, சீவிய காய்களையும் மீன் துண்டுகளையும் குச்சிகளால் அள்ளி உயரத் தூக்கி, வாழ்த்துகளைக் கத்திச் சொல்லும் லோ ஹெய். பழைய கான்டனீஸ் மீன் சாலட்டுக்கு இன்றைய வண்ணக்கோலத்தைக் கொடுத்துப் பரப்பியவர்கள் 1960களின் சிங்கப்பூர்ச் சமையல்காரர்கள் நால்வர். மலேசியாவின் சிரம்பானும் அதற்கு உரிமை கொண்டாடுகிறது. இன்று அதைச் செழிப்பாக வைத்திருப்பது வேலைக்குப் போகிற இளைஞர்கள்தான். குடும்பத்தோடு மாவு உருண்டை தின்னும் குளிர்கால டோங்சி விழா நாளில், இரவு ஒன்பது மணிக்கு வீடு திரும்பி, கடையில் வாங்கிய உறைந்த மாவு உருண்டையைக் கொதிக்கவைத்துத் தின்கிற பெண்ணையும் நான் விழா கொண்டாடியவளாகவே கணக்கில் எழுதுவேன்.

அவர்கள்மேல் எனக்கும் ஒரு கோபம் உண்டு. எந்தச் சாமிக்கு எத்தனை ஊதுபத்தி, எந்தத் தட்டை முதலில் வைப்பது, யாருடைய நினைவு நாள் எந்தச் சந்திர மாதத்தில் என்பதெல்லாம் பெரும்பாலான வீடுகளில் பாட்டிக்கும் அம்மாவுக்கும்தான் தெரியும். பிள்ளைகள் சாமான் தூக்குகிறார்கள், கார் ஓட்டுகிறார்கள், கும்பிடுகிறார்கள். சமையலறைக்குள் நின்று கற்றுக்கொள்வதில்லை. செல்பேசியில் ஆயிரம் படம் எடுக்கிறவர்கள் பாட்டி சொல்வதை ஒருமுறை பதிவுசெய்து வைக்கலாம். பையன்களுக்கு இதை இரண்டு தடவை சொல்வேன்.

நீங்கள் தமிழர், இந்த நியாயம் உங்களுக்கு அந்நியமானதல்ல. சிங்கப்பூரில் தைப்பூசம் 1968இல் பொது விடுமுறைப் பட்டியலிலிருந்து எடுக்கப்பட்டது. இன்றுவரை சிராங்கூன் சாலையிலிருந்து டேங்க் ரோடு வரை காவடி சுமப்பவர்கள், வார நாளாக இருந்தால் மேலாளரிடம் விடுப்புக் கேட்டுத்தான் சுமக்கிறார்கள்.

நீங்களே மேலாளர். புத்தாண்டுக்கு முந்தைய மாலை அவசரக் கூட்டம் வைக்காதீர்கள். ஏப்ரலில் யாராவது ஒரு வார நாள் காலையில் இரண்டு மணி நேரம் தாமதமாக வருவேன் என்றால் காரணம் கேட்காமல் அனுப்புங்கள். அடுத்த ஆண்டு எத்தனை பேர் கேட்டார்கள் என்று எனக்கு எழுதுங்கள்.