ஷெங்கன் விசா இருந்தும் விமான நிலையத்திலேயே திருப்பி அனுப்பினால்

விசா இருந்தாலும் உள்ளே விட வேண்டும் என்று கட்டாயமில்லை. ஷெங்கன் விசாவோடு (ஒரே விசாவில் போகக்கூடிய ஐரோப்பிய நாடுகளின் குழுதான் ஷெங்கன்) போன உங்கள் தம்பியை விமான நிலையத்திலேயே திருப்பி அனுப்பிவிட்டார்கள், ஏன் என்று கேட்டிருந்தீர்கள். அவருக்கு நடந்தது அதுதான். விசா எல்லை வரை வந்து கேட்பதற்கான அனுமதி, கடைசி முடிவு அங்கே பாஸ்போர்ட் சோதிக்கும் கவுண்டரில் இருக்கும் அதிகாரியுடையது.

காரணமே சொல்லவில்லை என்கிறீர்களே, தம்பி அங்கே கையெழுத்துப் போட்ட தாளைத் தேடிப் பாருங்கள். ஷெங்கன் நாடுகளில் அனுமதி மறுத்தால் ஒரு படிவம் கட்டாயம் தருவார்கள், அதில் A, B, C என்று காரணங்களுக்கு எழுத்திட்ட கட்டங்கள் இருக்கும், ஏதாவது ஒன்றில் குறி போட்டிருப்பார்கள். E என்றால் பயண நோக்கத்துக்குச் சரியான ஆவணம் இல்லை, G என்றால் கையில் போதிய பணம் காட்டவில்லை.

என் கணிப்பு E. விசாவுக்கு ஹோட்டல் முன்பதிவு காட்டிவிட்டு, கவுண்டரில் "நண்பன் வீட்டில் தங்குகிறேன்" என்று சொன்னாராம், அந்த ஹோட்டலையும் முன்பே ரத்து செய்திருக்கிறார். அங்கேதான் சந்தேகம் வந்திருக்கும், பாவம், அவர் உண்மையைத்தான் சொன்னார்.

அப்புறம் பாஸ்போர்ட்டில் விசா ஒட்டிய பக்கத்தையும் பாருங்கள். அதன்மேல் ரத்து முத்திரை இருந்தால் புது விசாதான் வாங்க வேண்டும்.

மேல்முறையீடு செய்யலாம், ஆனால் கெடு நாட்டுக்கு நாடு மாறும், சீக்கிரம் படிவத்தைப் படியுங்கள். அடுத்த விண்ணப்பத்தில் இதைப் பற்றிக் கேட்டால் தயவுசெய்து மறைக்க வேண்டாம், அவர்கள் கணினியில் பதிவு இருக்கும்.