குழந்தை சொல்லும் 'ஆமாம்' எந்தக் கேள்விக்கு?

கேள்வி: கல்வியியலில் முனைவர் பட்ட ஆய்வு செய்துவருகிறேன். நான்கு முதல் ஆறு வயது வரையுள்ள குழந்தைகளிடம் வகுப்பறை அனுபவம் பற்றி நேர்காணல் எடுத்தேன். ஒலிப்பதிவைக் கேட்டால் பெரும்பாலோர் எல்லாவற்றுக்கும் 'ஆமாம்' என்றே சொல்லியிருக்கிறார்கள். 'தெரியாது' என்று ஒருவர்கூடச் சொல்லவில்லை. இந்த வயதினரை நம்பி ஆய்வு செய்ய முடியாது என்கிறார் உடன் பயிலும் நண்பர். அது சரியா?

பதில்: உங்கள் நண்பர் குறையைக் குழந்தைகள்மீது சுமத்துகிறார், நான் முதலில் உங்கள் கேள்விகளைப் பார்க்க விரும்புவேன். 1980-இல் ஹியூஸ், கிரீவ் என்ற இரு உளவியலாளர்கள் ஐந்து வயதினரிடமும் ஏழு வயதினரிடமும் 'பால் தண்ணீரைவிடப் பெரியதா?', 'சிவப்பு மஞ்சளைவிடக் கனமானதா?' என்று பொருளற்ற கேள்விகளைக் கேட்டார்கள். ஏறக்குறைய எல்லாக் குழந்தைகளும் பதில் சொன்னார்கள். பின்னர் வேறு ஆய்வாளர்கள் செய்த சோதனைகளில் இன்னொன்றும் தெரியவந்தது: விடை சொல்லவே முடியாத கேள்வியானாலும் 'ஆமாம்', 'இல்லை' என்று முடிக்கக்கூடியதாக இருந்தால் குழந்தைகள் ஏதோ ஒன்றைச் சொல்லிவிடுகிறார்கள், அதையே 'என்ன', 'யார்' என்று தொடங்கிக் கேட்டால் 'தெரியாது' என்று சொல்பவர்கள் மிகுதியாகிறார்கள்.

இதற்குக் காரணம் குழந்தையின் அறியாமை அன்று, பெரியவர்களுடன் அதற்கு உள்ள நீண்ட பழக்கம். இது என்ன நிறம், இங்கே எத்தனை பந்து என்று பெரியவர் கேட்பதெல்லாம் அவருக்கே விடை தெரிந்த கேள்விகள்தாம். எனவே, ஒலிப்பதிவுக் கருவியுடன் எதிரே அமரும் உங்களையும் தேர்வு வைக்க வந்தவராகவே குழந்தை எடுத்துக்கொள்கிறது. தேர்வில் பேசாமல் இருப்பது தோல்வி என்பதும் அதற்குத் தெரியும். ஒரே கேள்வியை இருமுறை கேட்டால், முதலில் சொன்னது தவறு போலும் என்று எண்ணி விடையை மாற்றிவிடுவதும் உண்டு. பொருள்களைத் தள்ளித் தள்ளி வைத்தாலும் அவற்றின் எண்ணிக்கை மாறாது என்பது குழந்தைக்குப் புரிகிறதா என்று பார்ப்பது, உளவியலாளர் பியாஜேயின் புகழ்பெற்ற அளவு மாறாமைச் சோதனை. அதை ரோஸ், பிளாங்க் ஆகியோர் 1974-இல் மீண்டும் செய்து பார்த்தபோது, பொருள்களை இடம் மாற்றுவதற்கு முன்னும் பின்னும் கேட்காமல் பின்னர் ஒருமுறை மட்டும் கேட்டதே பல குழந்தைகள் சரியாக விடையளிக்கப் போதுமானதாக இருந்தது.

ஆகவே, நேர்காணலின் முதல் வேலை அந்தத் தேர்வுச் சூழலைக் கலைப்பது. 'நான் உன் வகுப்பில் இருந்ததில்லை, அங்கே என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியாது, உனக்குத்தான் தெரியும்' என்று சொல்லித் தொடங்குங்கள். 'தெரியாது' என்று சொல்லலாம், நான் தவறாகச் சொன்னால் திருத்தலாம் என்று அறிவித்தால் மட்டும் போதாது. பழக்கிக் காட்ட வேண்டும். குழந்தையின் வயதை வேண்டுமென்றே தவறாகச் சொல்லி, அது திருத்தியதும் அப்படித்தான் செய்ய வேண்டும் என்று ஊக்குவிக்கலாம். குழந்தைச் சாட்சிகளை விசாரிப்போரும் கையாளும் முறை இது. 'விளையாட்டு நேரம் பிடிக்குமா?' என்று கேட்பதைவிட, 'வெளியே போனதும் என்ன நடக்கும், சொல்' என்று கேட்டுவிட்டுக் காத்திருங்கள். இந்தக் காத்திருப்புதான் நம்மில் பலருக்கு வராதது. 'ஏன்' என்ற கேள்வி குற்றம் சாட்டுவதுபோல ஒலிக்கும். 'எத்தனை முறை', 'எப்போது' ஆகியவற்றுக்கு இந்த வயதில் கிடைக்கும் விடைகளை எண்ணிக்கையாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

உட்கார்ந்து பேசுவது ஒன்றே நேர்காணல் என்றும் இல்லை. அலிசன் கிளார்க், பீட்டர் மாஸ் ஆகியோர் வகுத்த முறையில் குழந்தைகளே ஆய்வாளரைத் தம் இடத்தைச் சுற்றிக் காட்டுவார்கள், தமக்கு முக்கியமானவற்றைப் படம் எடுப்பார்கள். பேச்சு அவற்றையொட்டி வரும். ஓவியமும் உதவும், ஆனால் வரையும்போது குழந்தை சொல்வதுதான் தரவு. கறுப்பு வண்ணத்தைக் கண்டதும் மனத்துயர் என்று எழுதிவிடும் ஆய்வுகளைப் படித்துச் சலித்துவிட்டேன்; மற்ற வண்ணக்குச்சிகள் அடுத்த குழந்தையின் கையில் இருந்திருக்கலாம்.

கையிலுள்ள பதிவுகளை வீசிவிட வேண்டாம். உங்கள் கேள்விகளையும் சொல் மாறாமல் எழுத்தில் பெயர்த்து, குழந்தை தானாகச் சொன்னதையும் உங்கள் சொல்லுக்கு ஒத்துப்போனதையும் பிரித்துவிட்டுப் பகுப்பாய்வைத் தொடங்குங்கள்.

கேள்வி: பெற்றோர் கையொப்பமிட்ட பிறகு குழந்தையிடமும் சம்மதம் கேட்க வேண்டுமா? பாதியில் எழுந்து போனால் என்ன செய்வது?

பதில்: கேட்டே ஆக வேண்டும். தம்மைப் பாதிக்கும் விவகாரங்களில் கருத்துச் சொல்லும் உரிமையை 1989-இல் ஏற்கப்பட்ட ஐ.நா. குழந்தை உரிமைகள் உடன்படிக்கையின் 12-ஆவது பிரிவு குழந்தைகளுக்கு அளிக்கிறது. மருத்துவ ஆய்வுக்கான ஹெல்சிங்கி பிரகடனமும், இசைவு தெரிவிக்கக்கூடியவரிடம் அதைப் பெற வேண்டும், மறுப்பை மதிக்க வேண்டும் என்கிறது. பெற்றோர் தருவது அனுமதி. குழந்தையின் இசைவு அதிலிருந்து வேறானது, ஒருமுறை பெற்றால் முடிந்துவிடுவதும் அன்று. சிறு குழந்தை 'எனக்கு வேண்டாம்' என்று வாய்திறந்து சொல்வது அரிது. முகத்தைத் திருப்பிக்கொள்வதும், கதவைப் பார்ப்பதும், ஒற்றைச் சொல்லில் பதிலளிப்பதும் மறுப்புதான். எழுந்து போனால் போகட்டும். 'இன்னும் ஒரே ஒரு கேள்வி' என்று தடுக்க வேண்டாம்.

கேள்வி: தனியாகப் பேசுவது நல்லதா, குழுவாகவா?

பதில்: கூச்சமுள்ள குழந்தைக்கு நண்பர் ஒருவர் உடனிருப்பது நல்லது. நால்வருக்கு மேல் போனால் முதலில் பேசியவரையே மற்றவர்கள் எதிரொலிப்பார்கள். தனியாகப் பேசினாலும் கதவு திறந்திருக்கட்டும்.

கேள்வி: நேர்காணலில் தன்னை ஒருவர் அடிப்பதாகக் குழந்தை சொன்னால், இரகசியம் காப்பதாகக் கொடுத்த வாக்கு என்னாவது?

பதில்: அந்த வாக்கை நிபந்தனையின்றிக் கொடுத்திருக்கவே கூடாது. 'நீ சொல்வதை மற்றவர்களிடம் சொல்ல மாட்டேன். ஆனால் உனக்கு யாராவது தீங்கு செய்வதாகத் தெரிந்தால், உனக்கு உதவக்கூடியவரிடம் சொல்வேன்' என்பது தொடக்கத்திலேயே சொல்லப்பட வேண்டும். அப்படி ஒன்று வெளிப்பட்டால் அமைதியாகக் கேளுங்கள், குழந்தை சொன்ன சொற்களிலேயே குறித்துக்கொள்ளுங்கள், துருவிக் கேட்காதீர்கள். உங்கள் கேள்விகள் பின்னர் நடக்கவிருக்கும் முறையான விசாரணையைக் கெடுத்துவிடக்கூடும். யாரிடம் தெரிவிப்பது என்பதை நெறிமுறைக் குழுவிடம் அளிக்கும் விண்ணப்பத்திலேயே முடிவுசெய்து வையுங்கள். அடிப்பவர் வீட்டிலேயே இருக்கக்கூடும் என்பதால், அங்கே 'பெற்றோர்' என்று மட்டும் எழுதிவிட்டு நிறுத்தாதீர்கள்.